தபால்காரன் இல்லாத இறுதி ஆட்டம்

12.6.2023, திங்கள்

கல்லூரி இன்று திறந்தது. நான் வரலாற்றுத் துறையிலிருந்து 31.5.2007 அன்று ஓய்வு பெற்றுவிட்டேன். ஆயினும் திறப்பு நாளன்று காலையில் சலவைச் சட்டை அணிந்து வாசலில் நிற்கும் பழக்கம் என்னை விடவில்லை. எங்கள் வாசலுக்கு நேர் எதிரே கல்லூரி மைதானம் இருப்பதும் ஒரு காரணம். சுற்றுச்சுவரைத் தாண்டி இவ்வாண்டின் முதல் பந்து நாலேகால் மணிக்கு எங்கள் செம்பருத்தியின் மேல் விழுந்தது. ஒரு கிளை முறிந்தது.

என் மகள் ஐரின் இன்று அதே கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராகச் சேர்ந்தாள். தற்காலிகப் பணி, ஓராண்டு. ஈஸ்டர் ஞாயிறன்று, அதாவது 9.4.2023 அன்று, கோயம்புத்தூரிலிருந்து விடுமுறைக்கு வந்தவள். இரண்டு பெட்டிகளும் கால்பந்துக் காலணிகள் கொண்ட ஒரு பையும் கொண்டுவந்தாள். பெட்டிகள் இன்னும் கூடத்து நடைவழியில்தான் நிற்கின்றன. நடைவழி நடப்பதற்கானது.

கல்லூரிச் செயலர் சாலமன் துரை 1981-இல் என்னிடம் வரலாறு படித்தவர். படிக்கவில்லை என்பதே சரியான குறிப்பு. அவர் ஐரினிடம் நியமன ஆணையைக் கொடுத்தபோது இவ்வாறு சொன்னாராம்: "பயலுவளுக்குப் பந்து சொல்லிக் குடுக்க ஒரு ஆம்பள வேணும்னு கமிட்டி நினைக்கி. நீங்க எங்க சாருக்க மவளா போயிட்டிய. ஒரு வருசம் தாறேன். பல்கலைக்கழகக் கோப்பையைக் கொண்டாந்து எனக்க மேசையில வையுங்க, நாற்காலி உங்களுக்கு. இல்லன்னா அடுத்த ஜூன்ல வேற ஆளு." உடனிருந்தவர்கள் சிரித்தார்களாம். சிரிப்புக்குக் காரணம் உண்டு. எங்கள் கல்லூரிக் கால்பந்து அணி தன் வாழ்நாளில் இரண்டாம் சுற்றைத் தாண்டியதில்லை.

இதை ஐரின் என்னிடம் சொல்லவில்லை. அவள் தாய் செல்வபாயிடம் சொன்னாள். செல்வபாய் என்னிடம் சொன்னாள்.

26.6.2023, திங்கள்

மருத்துவர் மாலை நடை கட்டாயம் என்கிறார். சாலையில் நாய்கள். ஆகவே மைதானத்தைச் சுற்றி நடக்கிறேன். பயிற்சியைப் பார்ப்பதற்காகச் செல்வதாகச் செல்வபாய் அண்டை வீட்டாரிடம் சொல்லிக்கொண்டிருப்பது தவறான தகவல்.

ஐரின் விசில் ஊதுகிறாள். கத்துகிறாள். இருபது பையன்கள் கேட்கிறார்கள். அவள் பள்ளியில் படித்த காலத்தில் இந்தக் குரலை நான் வீட்டில் கேட்டதில்லை.

10.7.2023, திங்கள்

இன்று ஒன்றைக் கவனித்தேன்.

அணியில் இருவர் ஆட்டக்காரர்கள் என்று சொல்லத் தகுந்தவர்கள். ஒருவன் ஜெனிஷ், ஆலந்துறையைச் சேர்ந்தவன். இடது ஓரத்தில் ஓடுகிறான்; ஓடுவது கண்ணுக்குத் தெரிவதில்லை, சென்று சேர்ந்த பிறகுதான் தெரிகிறது. மற்றவன் ஆன்றோ, பாறையடிக்காரன். கோலின் முன்னே நிற்பான்; எதிரணியில் எவர் தள்ளினாலும் அசையமாட்டான். இரண்டும் அடுத்தடுத்த கடற்கரை ஊர்கள். இருவரும் மீனவர் வீட்டுப் பிள்ளைகள்.

மாலை முழுவதும் ஜெனிஷின் காலிலிருந்து ஆன்றோவின் காலுக்கு ஒருமுறைகூடப் பந்து நேராகச் செல்லவில்லை. ஆன்றோவிடமிருந்து ஜெனிஷுக்கும் செல்லவில்லை. ஆன்றோ தனியாக நின்று கையைத் தூக்கிக்கொண்டிருக்க, ஜெனிஷ் பந்தைத் திருப்பி நடுவிலிருக்கும் ஷாகுலிடம் கொடுக்கிறான். ஷாகுல் அதை ஆன்றோவுக்குக் கொடுக்கிறான். அதற்குள் எதிரணியினர் மூவர் வந்துவிடுகிறார்கள்.

ஷாகுல் தக்கலையில் பிரியாணிக் கடை வைத்திருப்பவரின் மகன். மெலிந்தவன், வாய் ஓயாதவன். தண்ணீர் குடிக்க வந்தபோது காரணம் கேட்டேன்.

"அவனுவளுக்கு எடையில நான் போஸ்ட்மேனாக்கும் பெரியசாரே. இவன் எனக்குத் தருவான், நான் அவனுக்குக் குடுப்பேன். ஸ்டாம்பு ஒட்டாத தபாலு."

"எவ்வளவு காலமா இப்படி?"

"நாங்க மூணு பேரும் பொறக்கதுக்கு முன்ன இருந்தே."

15.7.2023, சனி

விசாரித்து அறிந்தேன். ஆலந்துறைக் கோவில் திருவிழாப் பந்தாட்டத்தின் இறுதி ஆட்டம். பாறையடிக்காரர்கள் 15 மே 1994 என்கிறார்கள். அது பிழை. ஆட்டம் நடந்தது 14 மே 1994, சனிக்கிழமை. ஞாயிறன்று பந்தாடப் பங்குத்தந்தை சம்மதித்திருக்கமாட்டார்.

ஆட்டம் முடியும் நேரத்தில் பாறையடியைச் சேர்ந்த மரியதாஸ் என்பவர் அடித்த பந்து மேற்கம்பியின் அடியில் பட்டு, கோட்டின் மேலோ, அதற்கு உள்ளேயோ, அதற்கு வெளியேயோ விழுந்து, திரும்பி வந்தது. உள்ளே விழுந்தது என்பது பாறையடியின் கொள்கை. வெளியே என்பது ஆலந்துறையின் கொள்கை. அன்று கோலைக் காத்தவர் ஆலந்துறை கிளீட்டஸ். ஆட்டம் நின்றது. கோப்பை கோவில் அலமாரியில் பூட்டப்பட்டது. அன்றுமுதல் ஓர் ஊரின் பையன் மற்ற ஊரின் பையனுக்கு எந்த மைதானத்திலும், எந்த அணியிலும் பந்து கொடுப்பதில்லை. கடலில் படகு கவிழ்ந்தால் கயிறு போடுகிறார்கள். பந்து போடமாட்டார்கள்.

மரியதாஸ் ஆன்றோவின் தாய்மாமன். கிளீட்டஸ் ஜெனிஷின் தகப்பன்.

இருவரையும் தண்டித்து வழிக்குக் கொண்டுவர வேண்டும் என்று ஐரினுக்குச் செல்வபாய் மூலம் தெரிவித்தேன். அரைமணியில் மறுமொழி வந்தது.

"ரெண்டு ஊரைத் திருத்த ஒரு வருசம் பத்தாதாம். ஷாகுலை ரெண்டு பங்கு வேகமா ஓட வைக்க ரெண்டு மாசம் போதுமாம். அப்பாட்ட சொல்லுங்கன்னா." செல்வபாய் தேங்காய்த் துருவலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "இஞ்ச பாருங்க, அவ ஒங்க மவ. அடுத்த அறையில இருக்கா. நானும் ஷாகுலும் ஒண்ணுதான் போல."

எனக்கு முடி திருத்தும் நேரமாகிவிட்டது. சென்றேன்.

24.7.2023, திங்கள்

அணியுடன் மேலாளர் ஒருவர் செல்ல வேண்டும் என்பது பல்கலைக்கழக விதி. ஆசிரியர் எவரும் முன்வரவில்லை. இரண்டாம் சுற்றோடு திரும்பும் அணிக்கு விடுப்பை யார் வீணாக்குவார்? பொறுப்பை என்மேல் சுமத்தியிருக்கிறார்கள். செய்தி வழக்கமான வழியில் வந்தது.

நிபந்தனைகளுடன் ஏற்றேன். வண்டி குறித்த நேரத்தில் புறப்படும். ஆட்டத்துக்கு முன் பரோட்டா கிடையாது, மட்டிப்பழம் மட்டும். காலணிகளின் சேற்றை வண்டிக்கு வெளியே தட்டுவார்கள்.

17.8.2023, வியாழன்

மழை. பயிற்சி நடந்தது. ஷாகுல் ஓடுகிறான். பெட்டிகள் அங்கேயே நிற்கின்றன.

4.9.2023, திங்கள்

முதல் சுற்று. இரண்டுக்குப் பூஜ்யம், வெற்றி. இரண்டு கோல்களும் ஜெனிஷ், ஷாகுல், ஆன்றோ என்ற அஞ்சல் வழியில் சென்றவை. மெச்சத்தக்க விரைவு அஞ்சல். மட்டிப்பழத்தில் ஒரு சீப்பு காயாக இருந்தது. கடைக்காரரிடம் பேச வேண்டும்.

6.9.2023, புதன்

இரண்டாம் சுற்று. மூன்றுக்கு ஒன்று.

எங்கள் கல்லூரி வரலாற்றில் இது முதல் முறை என்பதைக் குறித்துவைக்கிறேன். வண்டியில் பையன்கள் கூரையைத் தட்டிப் பாடினார்கள். வண்டியின் கூரையைத் தட்டுவது விதிகளில் இல்லை என்று சொல்ல எழுந்தேன். ஓட்டுநர் வளைவில் திருப்பியதால் அமர்ந்துவிட்டேன். பிறகு சொல்லவில்லை.

22.9.2023, வெள்ளி

காலிறுதி. ஒன்றுக்குப் பூஜ்யம். எதிரணி எங்கள் அஞ்சல் முறையைக் கண்டுகொண்டது. ஷாகுலை இருவர் மாறி மாறி வீழ்த்தினார்கள். எழுபதாவது நிமிடத்தில் அவனும் ஒருவனை வீழ்த்தினான். மஞ்சள் அட்டை. அதன் பிறகும் ஓடினான். அந்த ஒரு கோலும் அவன் தரையில் விழுந்தபடியே நீட்டிவிட்ட பந்திலிருந்து வந்தது.

24.9.2023, ஞாயிறு

செல்வபாய் அணி முழுவதையும் மதிய உணவுக்கு அழைத்துவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. நெய்மீன் குழம்பு, மரச்சீனிக் கிழங்கு, சோறு. கூடத்தில் வரிசையாக இலை போட்டோம். பெட்டிகள் வழியிலிருந்ததால் மூவர் அவற்றைச் சுற்றி அமர வேண்டியிருந்தது.

குழம்புச் சட்டி ஆன்றோவின் முன் இருந்தது. ஜெனிஷுக்கு வேண்டும். ஆன்றோவுக்கும் ஜெனிஷுக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளிகூட இல்லை. ஜெனிஷ் எதிர்வரிசையிலிருந்த ஷாகுலைப் பார்த்தான். ஷாகுல் கையை நக்கிக்கொண்டு எழுந்து வந்து, ஆன்றோவிடமிருந்து சட்டியை வாங்கி ஜெனிஷுக்குக் கொடுத்துவிட்டு, மறுபடி போய் உட்கார்ந்தான். எவரும் வியக்கவில்லை.

செல்வபாய் அகப்பையோடு நின்று பார்த்திருந்தாள். "லேய் மக்களே, பந்துதான் குடுக்க மாட்டிய. மீனு என்னலே பாவம் செய்தது?"

"ஊருல கேப்பாவ ஆன்ட்டி," என்றான் ஆன்றோ.

"ஒன் ஊருக்கு இஞ்ச என்ன சோலி? எனக்க சட்டியாக்கும் அது."

பையன்கள் சிரித்தார்கள். ஜெனிஷும் ஆன்றோவும் இலையைப் பார்த்துச் சிரித்தார்கள். ஐரின் சிரிக்கவில்லை. சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மோர் வேண்டுமென்று செல்வபாயிடம் சொன்னேன். மோர்க் குவளை ஐரினின் அருகில் இருந்தது.

7.10.2023, சனி

அரையிறுதி. இரண்டுக்கு ஒன்று. இறுதி ஆட்டத்துக்குச் செல்கிறோம். எதிரணி தூத்துக்குடி, சென்ற ஆண்டின் வெற்றியாளர்கள்.

ஆனால் ஷாகுலுக்கு எண்பதாவது நிமிடத்தில் இரண்டாவது மஞ்சள் அட்டை. ஃப்ரீ கிக் எடுக்கத் தாமதித்ததற்காக. இத்தொடரில் இரண்டு மஞ்சள் அட்டை பெற்றவன் அடுத்த ஆட்டத்தில் ஆட முடியாது. விதி நூலை மூன்று முறை படித்தேன். விலக்கு எதுவும் இல்லை.

வண்டியில் ஷாகுல் கடைசி இருக்கையில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எவரும் கூரையைத் தட்டவில்லை. ஜெனிஷ் இடப்பக்கச் சன்னலிலும் ஆன்றோ வலப்பக்கச் சன்னலிலும் இருந்தார்கள். நடுவில் ஷாகுலின் வழக்கமான இடம் காலியாக இருந்தது.

செயலர் தொலைபேசியில் வாழ்த்தினார். "பைனல் வரை ஏதோ ஓடிட்டிய சாரே. நம்ம ரிட்டயர்டு இன்ஸ்பெக்டர் ஒருத்தரு இருக்காரு, போலீஸ் டீம்ல ஆடுனவரு. அவர்ட்ட ஒரு வார்த்த சொல்லி வச்சிருக்கேன். ஜெயிச்சா வேற விசயம்." நான் வாழ்த்துக்கு மட்டும் நன்றி சொன்னேன்.

10.10.2023, செவ்வாய்

மார்த்தாண்டத்தில் செல்வபாயின் தமக்கை குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். செல்வபாய் காலைப் பேருந்தில் சென்றாள். சனி மாலைதான் வருவாளாம். நான்கு நாளுக்குக் குழம்பு வைத்து, எதை எப்போது சூடாக்க வேண்டும் என்று என்னிடம் ஒரு முறையும் ஐரினிடம் ஒரு முறையும் தனித்தனியாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஷாகுலின் இடத்தில் முதலாண்டு மாணவன் ஒருவன். நல்ல பையன். இரண்டு முறை ஜெனிஷின் பந்தை வாங்கித் தன் காலிலேயே தடுக்கி விழுந்தான்.

வீட்டில் அமைதி. கடிகாரத்தின் ஓசை கேட்கிறது.

13.10.2023, வெள்ளி

இரவு உணவு. நானும் ஐரினும் மட்டும். தண்ணீர்ச் செம்பு அவள் பக்கம் இருந்தது. யாரிடம் கேட்பது என்று ஒரு கணம் சமையலறையைப் பார்த்தேன்.

"தண்ணி வேணுமாப்பா?" என்றாள்.

வேண்டும் என்றேன். கொடுத்தாள்.

பிறகு அவளே பேசினாள். "நாளைக்குத் தோத்தா செயலர் என்ன நினைக்காருன்னு எனக்குத் தெரியும். ஜூன் வரை இழுக்க மாட்டேன். மார்ச்லயே பெட்டிய எடுத்துட்டுப் போயிருவேன். கோயம்புத்தூருக்கு இல்ல. ஏதாவது பள்ளிக்கூடத்துல வேல கிடைக்கும்."

அவளுடைய கோயம்புத்தூர்த் திருமணம் 26.1.2012, வியாழக்கிழமை நடந்தது. மாப்பிள்ளையைப் பற்றி மூன்று போதகர்களிடம் விசாரித்தவன் நான். மூவரும் நற்சான்று தந்தார்கள். இதற்கு மேல் எழுத எதுவுமில்லை.

"அந்த நீலப் பெட்டிக்கு ஒரு சக்கரம் ஒடஞ்சிருக்கு," என்றேன். "அத இழுத்துட்டு எங்கயும் போவ முடியாது."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணைத் துடைத்தாள். நான் நகைச்சுவையாக எதுவும் சொல்லவில்லை. சக்கரம் உண்மையிலேயே உடைந்திருக்கிறது.

14.10.2023, சனி. பாளையங்கோட்டை

வண்டி ஏழு மணிக்குப் புறப்பட்டது. அனைவருக்கும் மட்டிப்பழம், நன்கு கனிந்தவை. மைதானம் இரவு மழையில் நனைந்திருந்தது. நான் குடை கொண்டுசென்றிருந்தேன். அணியின் இருக்கை நடுக்கோட்டுக்கு அருகே போடப்பட்டிருந்தது. ஆட முடியாத ஷாகுல் அங்கு அமரக்கூடாது என்பதால் எனக்குப் பின்னாலிருந்த படியில் அமர்ந்தான்.

கடற்கரையிலிருந்து இரண்டு வேன்கள் வந்திருந்தன. ஆலந்துறைக்காரர்கள் கிழக்குக் கோடியிலும் பாறையடிக்காரர்கள் மேற்குக் கோடியிலும் அமர்ந்தார்கள். நடுவில் ஒரு குடும்பம் அமரும் அளவுக்கு அல்ல, ஒரு தேர் திரும்பும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். ஒரே அணியை ஆதரிக்க வந்தவர்கள் இவர்கள்.

முதல் பாதியைச் சுருக்கமாக எழுதுகிறேன். ஜெனிஷ் ஓடினான், முடிவில் யாருக்குக் கொடுப்பதென்று தெரியாமல் பந்தை வெளியே அடித்தான். ஆன்றோ கை தூக்கி நின்றான். தூத்துக்குடி ஒரு கோல் அடித்தது. அந்த கோல் விழுந்தபோது ஷாகுல் தலையில் அடித்துக்கொண்டு எழுந்தான். அவன் முழங்கை என் மூக்குக்கண்ணாடியைத் தட்டியது. அது சிமெண்டுத் தரையில் விழுந்தது. ஒரு பக்கம் உடைந்தது, மறுபக்கம் நொறுங்கியது.

"ஐயோ பெரியசாரே."

"பரவாயில்ல. உக்காரு. நடக்கத நீ சொல்லு."

இடைவேளையில் ஐரின் பையன்களை வட்டமாக நிறுத்தினாள். கத்தவில்லை. நான் பழக்கூடையோடு அருகில் இருந்தேன்.

"ஜெனிஷ், ஆன்றோ, ரெண்டு பேரும் கேளுங்க. தொண்ணூத்தி நாலுல அந்தப் பந்து உள்ள விழுந்துதா வெளிய விழுந்துதான்னு எனக்குத் தெரியாது. எனக்கு அது வேண்டாம். நான் வீட்டுக்கு வந்து ஆறு மாசம் ஆச்சு. நானும் எங்கப்பாவும் எங்கம்மா மூலமாத்தான் பேசுவோம். தண்ணி வேணும்னாகூட அம்மா. நேத்து அம்மா இல்ல. நேரா பேசுனோம்." என் பக்கம் கையைக் காட்டினாள். "பாருங்க, ரெண்டு பேருமே சாவல."

பதினெட்டுப் பையன்களும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். குடும்பச் செய்தியை மைதானத்தில் சொல்ல வேண்டிய தேவை என்ன என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. "பழம் எடுத்துக்கொள்ளுங்கள்," என்றேன்.

"மிஸ்ஸு, ஊருக்காரங்க வந்திருக்காவ," என்றான் ஜெனிஷ், தரையைப் பார்த்து.

"வந்திருக்காவ. ஒங்கள ஜெயிக்க வைக்கத்தான் டீசல் போட்டு வந்திருக்காவ. போங்க."

இரண்டாம் பாதி தொடங்கிச் சற்று நேரத்தில் கிழக்குக் கோடியும் மேற்குக் கோடியும் ஒரே சமயத்தில் மௌனமாயின. என்ன நடந்தது என்று ஷாகுலைக் கேட்டேன்.

"ஆன்றோ குடுத்தான் சாரே."

"யாருக்கு?"

"ஜெனிஷுக்கு. நேரா."

"பிறகு?"

"அவன் எதிர்பாக்கல்ல. பந்து அவன் காலுக்கு எடையில ஓடி வெளிய போயிட்டு. சவம்."

முதல் தபால் சேரவில்லை. ஆனால் போடப்பட்டது. ஷாகுல் சொன்னான்: இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஆன்றோ தோளைக் குலுக்கினான். ஜெனிஷ் மன்னிப்புக் கேட்பதுபோலக் கையைத் தூக்கினான். ஆலந்துறை வேனில் வந்த ஒரு கிழவர் எழுந்து நின்று, என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

பதினைந்து நிமிடம் கழித்து அதே ஆன்றோ, அதே இடத்திலிருந்து, மறுபடி கொடுத்தான். இம்முறை ஜெனிஷ் எதிர்பார்த்திருந்தான். வலையின் ஓசை எனக்கே கேட்டது. ஒன்றுக்கு ஒன்று. ஷாகுல் என் தோள்களைப் பிடித்து உலுக்கினான். உடைய இனிக் கண்ணாடி இல்லாததால் அனுமதித்தேன்.

ஆட்டம் முடியும் தறுவாய். ஜெனிஷ் இடது ஓரத்தில் ஓடத் தொடங்கினான். இதை ஷாகுல் சொன்னபடியே எழுதுகிறேன்.

"ஒருத்தனைத் தாண்டிட்டான். ரெண்டாவது ஆளையும். மூலைக்குப் போயிட்டான். நிமிந்து பாக்கான் சாரே. நடுவுல யாரும் இல்ல. ஆன்றோ மட்டும் நிக்கான். இந்தப் பக்கம் பாக்கான், என்னையப் பாக்கான்." ஷாகுல் எழுந்து நின்று, நடுக்களத்தில் நிற்பதுபோலவே வலக்கையை நீட்டி ஆன்றோவைக் காட்டினான். "குடுலே," என்றான், மெதுவாக, பக்கத்தில் இருப்பவனிடம் சொல்வதுபோல.

கொடுத்தான்.

ஆன்றோ தலையால் முட்டினான். பந்து மேற்கம்பியின் அடியில் பட்டது. கீழே விழுந்தது. திரும்பி வெளியே வந்தது.

நான் ஷாகுலின் கையைப் பிடித்திருந்தேன், அல்லது அவன் என் கையை.

பிறகு கிழக்கிலும் மேற்கிலும் இருந்து ஒரே சொல் வந்தது. "உள்ள." இரண்டு ஊர்களும் படிகளை விட்டு இறங்கி ஓடிவந்தன. "உள்ள விழுந்துது, உள்ள விழுந்துது." தேர் திரும்பும் இடம் நிரம்பிவிட்டது. பக்க நடுவர் கொடியைத் தாழ்த்தி நடுக்களத்தை நோக்கி ஓடினார். நடுவர் விசில் ஊதி நடுவட்டத்தைக் காட்டினார். தூத்துக்குடிக்காரர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் தம் முடிவை மாற்றவில்லை.

இரண்டுக்கு ஒன்று. கோப்பை எங்களுடையது.

எங்கள் இருக்கைக்குப் பின்னால் இரு பெரியவர்கள் தோளோடு தோள் இடித்து நின்றார்கள். பேச்சிலிருந்து யாரென்று அறிந்தேன்.

"நான் கோலியா நின்னவன் சொல்லுதேன், அது உள்ளதான்," என்றார் கிளீட்டஸ்.

"அன்னைக்கும் இதே மாதிரிதானலே விழுந்துது?" என்றார் மரியதாஸ்.

"அன்னைக்கு வெளிய. இன்னைக்கு உள்ள."

மரியதாஸ் அவர் முதுகில் ஓங்கி ஓர் அடி அடித்தார். இருவரும் சிரித்துக்கொண்டே கம்பி வேலியைத் தாண்ட முயன்றார்கள். ஜெனிஷின் தகப்பனுக்கு ஆன்றோவின் தாய்மாமன் கை கொடுத்தார்.

பையன்கள் ஐரினைத் தூக்கினார்கள். ஒரு பெண்ணைத் தூக்குவது முறையா என்று யோசிக்குமுன் தூக்கிவிட்டார்கள். அவள் அங்கிருந்தே, அத்தனை பேரின் தலைக்கு மேலிருந்து, "அப்பா," என்று கூப்பிட்டாள். நான் குடையை உயர்த்திக் காட்டினேன். மழை இல்லை.

திரும்பும் வழியில் வண்டியின் கூரையைத் தட்டினார்கள். முன்னிருக்கையில் தொடங்கியவர் யார் என்பதைக் குறிக்கத் தேவையில்லை.

16.10.2023, திங்கள்

காலையில் ஐரினும் பையன்களும் கோப்பையைச் செயலரின் மேசைமேல் வைத்தார்கள். மாலை ஐந்து மணிக்குச் செயலர் எங்கள் வீட்டுக்கு வந்தார். செல்வபாய் முந்திரிக்கொத்து வைத்தாள். அவர் ஒன்றை எடுத்துக் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தார்.

"கமிட்டியில ரெண்டு பேரு ஒரு கேள்வி கேக்காவ சாரே. தூத்துக்குடிக்காரங்க, அது கோலே இல்ல, கோட்டுலதான் விழுந்துதுன்னு சொல்லிட்டுத் திரியிறாங்களாம். ரெப்ரி குடுத்தா கோலுதான், ஒத்துக்கிடுதேன். ஆனா பெர்மனன்டா ஒரு வேல குடுக்கும்போ..." முந்திரிக்கொத்தைத் தட்டில் வைத்தார். "எனக்கு வேற யாருட்டயும் கேக்க வேண்டாம். எண்பத்தொண்ணுல எனக்கு அட்டெண்டன்ஸ் குறைஞ்சுது. எங்கப்பா வந்து ஒங்க முன்னால நின்னாரு. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு கூட்டிப் போடுங்கன்னு கேட்டாரு. நீங்க போடல்ல. நான் ஒரு வருசம் பிந்தித்தான் பாஸானேன். அதனால ஒங்கட்ட கேக்கேன். நீங்க அங்க இருந்திய. அது உள்ள விழுந்துதா?"

செல்வபாய் கதவருகே நின்றாள். ஐரின் அறையிலிருந்து வெளியே வந்து நடைவழியில், பெட்டிகளின் பக்கத்தில் நின்றாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

"நாலு விரக்கடை உள்ள விழுந்துது," என்றேன்.

"கண்டியளா?"

"சாலமன், நான் தெரியாததச் சொல்லி நீ கேட்டிருக்கியா?"

"இல்ல சாரே." அவர் எழுந்து கைகூப்பினார். முந்திரிக்கொத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். வாசலில் நின்று ஐரினைப் பார்த்து, "டீச்சர், நாளைக்கு ஆபீசுல வந்து ஆர்டர வாங்கிக்கிடுங்க. தற்காலிகம்ங்கிற வார்த்தைய எடுத்துரச் சொல்லுதேன்," என்றார்.

அவர் சென்றபின் செல்வபாய் நெடுநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் முகத்தை, குறிப்பாக மூக்கின் மேற்பகுதியை. பழைய படிக்கும் கண்ணாடியை மாட்டியிருந்தேன். அது அருகிலுள்ளதை மட்டும் காட்டும்.

"என்ன?" என்றேன்.

"ஒண்ணும் இல்ல. முந்திரிக்கொத்து நல்லா இருந்துதாக்கும்," என்றாள்.

17.10.2023, செவ்வாய்

ஆணை வந்தது. எழுத்துப்பிழை இல்லை. தேதி சரி.

ஆலந்துறையிலிருந்து ஒரு கூடை மீன் வந்தது. அரைமணி கழித்துப் பாறையடியிலிருந்து அதைவிடப் பெரிய கூடை வந்தது. கோவில் அலமாரியின் சாவியைத் தேடுகிறார்களாம். தொண்ணூற்று நாலின் கோப்பையை எந்த ஊரில் வைப்பது என்பதில் இன்னும் உடன்பாடில்லை. இப்போதைக்கு ஷாகுலின் தகப்பனார் கடையில் வைக்கலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

18.10.2023, புதன்

விடுமுறைக்கு வந்தவள் என்று நான் 12.6.2023 அன்று எழுதியது பிழை. திருத்தப்படுகிறது.

ஐரின் காலையில் பெட்டிகள் இரண்டையும் திறந்து காலி செய்தாள். அலமாரியில் இரண்டு தட்டுகள் ஒழித்துக் கொடுத்தேன். அவள் ஏணியில் ஏறிப் பரணருகே நின்றாள். நான் பெட்டிகளைக் கீழிருந்து கொடுத்தேன், அவள் வாங்கினாள். செல்வபாய் சமையலறையில் இருந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. உடைந்த சக்கரம் உள்ள பெட்டியை உட்பக்கமாக வைக்கச் சொன்னேன். வைத்தாள். நடைவழியில் இப்போது நடக்கலாம்.

மாலை புதிய மூக்குக்கண்ணாடியை வாங்கிவந்தேன். வாசலில் நின்று மைதானத்தைப் பார்த்தேன். எதிர்க்கோடியிலிருந்த கோல்கம்பமும் அதன் வெள்ளைச் சுண்ணாம்புக் கோடும் மிகத் தெளிவாகத் தெரிந்தன. ஜெனிஷ் ஆன்றோவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான். ஷாகுல் நடுவில் இடுப்பில் கைவைத்து, "எனக்கும் ஒண்ணு போடுங்கலே," என்று கத்திக்கொண்டிருந்தான்.

நான்கு விரற்கடை என்று சொன்னதைப் பற்றி மீண்டும் யோசித்தேன். ஐந்தாகவும் இருக்கலாம்.